பேரூராட்சித் தலைவருக்கு நீங்கள் ஓட்டுப் போடுவதில்லை

ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சொந்த ஊர் தாமிரபரணிக் கரையில் ஒரு பேரூராட்சி, வேலை சென்னையில். அம்மா பீடி சுற்றுகிறவர், மகளிர் குழுவில் பொறுப்பில் இருக்கிறார். அடுத்த தேர்தலில் வார்டுக்கு நில்லுங்கள் என்று தெருவில் நாலு பேர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்களாம். "நிற்க என்ன விதி? எவ்வளவு பணம் கட்ட வேண்டும்? ஆச்சி ஊரில் ஆளுக்கு நான்கு ஓட்டுப் போட்டார்கள், எங்களுக்கு மட்டும் ஏன் ஒன்று? சேர்மனை நாங்களே தேர்ந்தெடுக்க முடியாதா?" இவைதான் கேள்விகள்.

நான் பேரூராட்சி அலுவலகங்களில் முப்பது வருடத்துக்கு மேல் எழுத்தர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உள்ளாட்சித் தேர்தல் வரும்போதெல்லாம் வேட்புமனு மேசைக்குப் பக்கத்தில் என்னைத்தான் உட்கார வைப்பார்கள். அதனால் சட்டப் புத்தகத்தில் உள்ளது கொஞ்சம், மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களின் முகத்தில் பார்த்தது கொஞ்சம் என்று கலந்துதான் எழுத வரும்.

கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன், மற்ற எல்லாம் அதில்தான் போய் முட்டும். சேர்மனை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, இப்போதைய சட்டப்படி. 2022 பிப்ரவரி 19 அன்று உங்கள் அம்மா இயந்திரத்தில் அழுத்திய பொத்தான் வார்டு கவுன்சிலருக்கு மட்டும். அப்படி ஜெயித்த கவுன்சிலர்கள் மார்ச் 2 அன்று பதவி ஏற்றுக்கொண்டார்கள். மார்ச் 4 காலை ஒன்பதரை மணிக்குப் பேரூராட்சி மன்றக் கூடத்தில் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகவும், மதியம் இரண்டரை மணிக்கு இன்னொருவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். மறைமுகத் தேர்தல் என்று செய்தித்தாளில் படித்தது இதைத்தான்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1996-லும் 2001-லும் மக்கள் நேரடியாகத் தலைவருக்கு ஓட்டுப் போட்டார்கள். 2006-ல் மறைமுகமாக மாற்றினார்கள். 2011-ல் மறுபடி நேரடி. 2016 அக்டோபரில் நடக்க இருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 நவம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து மறுபடி மறைமுகம். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் தனக்கு எது தோதோ அதைச் செய்தது, அவ்வளவுதான். நான் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தில் தலைவர்கள் பெயரை எழுதிய மரப்பலகை ஒன்று தொங்கும். அதில் 2016-க்கும் 2022-க்கும் நடுவே ஒரு பெயரும் கிடையாது, மன்றம் இல்லாத காலத்தில் அரசு அமர்த்தும் அதிகாரியைக் குறிக்கும் "தனி அலுவலர்" என்று மட்டும் வெள்ளைப் பெயிண்டில் இருக்கும். உள்ளாட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பலகை வேறு கதை சொல்கிறது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் இப்போதைய மன்றத்தின் காலம் 2027 மார்ச் தொடக்கத்தோடு முடிய வேண்டும். எனவே உங்கள் அம்மாவுக்கு அதற்கு முன் தேர்தல் என்று வைத்துக்கொண்டு தயாராவதுதான் புத்தி.

சரி, ஆச்சி ஊரில் நான்கு ஓட்டு எப்படி என்றால், அது கிராம ஊராட்சி. கிராமத்துக்குத் தனிச் சட்டம், 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சிக் கணக்கில் வரும். அதற்கு வேறு சட்டம், வேறு தேர்தல், வேறு நாள். நம் பக்கம் இரண்டும் பின்னிக் கிடப்பதால் ஆட்களுக்குக் குழப்பம். ஒரு வாய்க்காலைத் தாண்டினால் ஊராட்சி, இந்தப் பக்கம் பேரூராட்சி. 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களில் கிராமத் தேர்தல் நடந்தபோது நெல்லைக்கும் புதிதாகப் பிரிந்த தென்காசிக்கும் நடக்கவில்லை. மாவட்டம் பிரித்த சிக்கலால் தள்ளிப்போய் 2021 அக்டோபர் 6, 9 என்று இரண்டு கட்டமாக நடந்தது. ஆச்சி அப்போதுதான் நான்கு சீட்டில் முத்திரை குத்தியிருப்பார். வெள்ளைச் சீட்டு வார்டு உறுப்பினருக்கு, இளஞ்சிவப்பு ஊராட்சித் தலைவருக்கு, பச்சை ஒன்றிய கவுன்சிலருக்கு, மஞ்சள் மாவட்ட கவுன்சிலருக்கு. முதல் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். மற்ற இரண்டும் கட்சி அடிப்படையில்.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். இரண்டாயிரம் ஓட்டு உள்ள கிராமத்தில் ஊராட்சித் தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரோடு சேர்ந்து காசோலையில் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான். பன்னிரண்டாயிரம் ஓட்டு உள்ள பேரூராட்சியில் தலைவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. இங்கே நிர்வாக அதிகாரம் செயல் அலுவலர் கையில், நாங்கள் ஈ.ஓ. என்போம். தலைவர் மன்றத்தைக் கூட்டுவார், நடத்துவார், தீர்மானம் போடுவார். செலவுக் கோப்பு ஈ.ஓ. மேசையில் இருக்கும். ஆச்சிக்கு இருக்கிற உரிமை அம்மாவுக்கு இல்லையே என்று நீங்கள் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. நேரடித் தேர்தல்தான் சரி என்பது என் சொந்த அபிப்பிராயம்.

இப்போது அம்மா நிற்பதற்கான விதிகள்.

வயது 21 நிறைந்திருக்க வேண்டும். படிப்புத் தகுதி எதுவும் இல்லை. இத்தனை குழந்தைக்கு மேல் இருந்தால் நிற்கக் கூடாது என்ற விதி சில மாநிலங்களில் இருந்தது, தமிழ்நாட்டில் இல்லை. அதே பேரூராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். குடியிருக்கிற வார்டில்தான் நிற்க வேண்டும் என்று இல்லை, ஊருக்குள் எந்த வார்டிலும் நிற்கலாம். ஆனால் முன்மொழிகிறவர் நிற்கிற வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். இந்த ஒரு வரியில் எத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள் தெரியுமா?

ஒரு சம்பவம் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். ஒரு சுயேச்சை, நல்ல மனிதர், தெருவில் செல்வாக்கு உள்ளவர். முன்மொழிவுக்குத் தன் டீக்கடைக்கார நண்பரைக் கூட்டி வந்தார். டீக்கடை ஏழாவது வார்டில் இருக்கிறது, இவர் நிற்பதும் ஏழாவது வார்டு, ஆகவே சரி என்று நினைத்துவிட்டார். பரிசீலனை அன்று பட்டியலைப் புரட்டினால் கடைக்காரரின் வீடு தெருவின் மேல் வரிசையில் இருக்கிறது. அந்தத் தெருவின் நடுவில்தான் வார்டு எல்லை ஓடுகிறது: கீழ் வரிசை ஏழு, மேல் வரிசை எட்டு. அவருடைய ஓட்டு எட்டில். மனு தள்ளுபடி. பதினைந்து அடி அகலத் தெரு அது. "இருபது வருஷமா இந்த வார்டு மக்கள்தான் இவன் கடையில டீ குடிக்காங்க" என்று அந்த மனிதர் வாதாடிப் பார்த்தார். தேர்தல் அலுவலர் என்ன செய்வார்? பட்டியலில் எந்தப் பாகத்தில் பெயர் இருக்கிறதோ அதுதான் கணக்கு. எனவே முன்மொழிகிறவரின் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் மனு வாங்குவதற்கு முன்பே உங்கள் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வேறு யாருக்கும் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது. முன்மொழிவு எவ்வளவு பெரிய தகராறு ஆகும் என்பதற்குப் பக்கத்து மாவட்டத்தையே பார்க்கலாம். 2022-ல் தூத்துக்குடி மாவட்டம் கடம்பூர் பேரூராட்சியில் வேட்புமனு தொடர்பாகக் கிளம்பிய புகாரால் தேர்தலையே மாநிலத் தேர்தல் ஆணையம் நிறுத்திவிட்டது.

வாக்காளர் பட்டியலுக்கு வருவோம். உள்ளாட்சிக்கு என்று தனியாகப் பெயர் சேர்ப்பது கிடையாது. சட்டமன்றப் பட்டியலை எடுத்துத் தெருவாரியாகப் பிரித்து வார்டுப் பட்டியல் ஆக்குவார்கள். ஆகவே சட்டமன்றப் பட்டியலில் இல்லாதவர் வார்டுப் பட்டியலிலும் இருக்க மாட்டார். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. வீடு மாறினால், எழுத்துப் பிழை இருந்தால் படிவம் 8. 2025 நவம்பரில் வீடு வீடாகக் கணக்கெடுப்புப் படிவம் கொடுத்து நடத்திய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, பழைய அட்டை கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் உட்கார வேண்டாம். அம்மாவின் பெயர் எந்தத் தெருவில் வருகிறது என்று பார்த்துவிடுங்கள். பீடி வேலைக்குத் தோதாக, மழைக்கு ஒழுகாத வீடாகப் பார்த்து மூன்று வருடத்துக்கு ஒரு முறை வீடு மாறுகிற குடும்பங்கள் நம் பக்கம் அதிகம். ஆள் ஒரு வார்டில், ஓட்டு இன்னொரு வார்டில். இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் தோன்றுவது: அம்மன் கோயில் கொடைக்கு வரி பிரிக்கிற நோட்டில் ஒரு தலைக்கட்டு விடுபடாது. வாக்காளர் பட்டியலில் மட்டும் செத்தவர் இருப்பார், இருப்பவர் இருக்க மாட்டார்.

யார் நிற்க முடியாது? அரசு ஊழியர்கள், அந்தப் பேரூராட்சியிலேயே வேலை பார்க்கிறவர்கள், பேரூராட்சியில் வேலை ஒப்பந்தம் எடுத்து நடத்திக்கொண்டிருக்கிறவர்கள், கடன் தீர்க்க முடியாதவர் என்று நீதிமன்றம் அறிவித்தவர்கள், குறிப்பிட்ட குற்றங்களில் தண்டனை பெற்றவர்கள். வரி பாக்கி வைத்தவர்களும் சிக்கலில் மாட்டுவார்கள். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் இரண்டையும் தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே கட்டி ரசீதை எடுத்து வைத்துவிடுங்கள். அறிவிப்பு வந்த மறுநாள் எங்கள் வரி கவுண்டரில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாலே அந்த ஊரில் எத்தனை பேர் நிற்கப் போகிறார்கள் என்று சொல்லிவிடலாம். வருடக் கணக்கில் வராத பாக்கியெல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேரும். எங்களுக்கு அது தீபாவளி.

பணம்: 2022-ல் பேரூராட்சி கவுன்சிலருக்கு வைப்புத்தொகை 1,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 500 ரூபாய். நகராட்சிக்கு 2,000, மாநகராட்சிக்கு 4,000. செலவு உச்சவரம்பு பேரூராட்சிக்கு 17,000 ரூபாய். சிரிக்காதீர்கள், அதுதான் விதி. உண்மையில் எவ்வளவு ஆகிறது என்பது ஊருக்கே தெரியும். அடுத்த தேர்தலுக்கு இந்தத் தொகைகள் மாறலாம், அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாட்கள் மிகக் குறைவு. 2022-ல் ஜனவரி 26 மாலை தேர்தல் அறிவித்தார்கள், 28-ல் மனு தொடங்கியது, பிப்ரவரி 4-ல் முடிந்தது. நடுவில் ஒரு ஞாயிறு. ஆக ஏழு நாள். 5-ல் பரிசீலனை, 7-ல் வாபஸ். சொத்து, கடன், வழக்கு விவரம் எழுதிய உறுதிமொழிப் பத்திரம், சாதிச் சான்று, வரி ரசீது, பட்டியல் நகல் எல்லாவற்றையும் ஏழு நாளில் திரட்ட முடியாது. சாதிச் சான்று வாங்க வேண்டும் என்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். உறுதிமொழிப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். இல்லை என்றால் "இல்லை" என்று எழுதுங்கள். கோடு போட்டு விட்டால் பரிசீலனையில் எதிராளியின் வக்கீலுக்கு அல்வா கொடுத்த மாதிரி.

இட ஒதுக்கீடு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அம்மா நிற்பதா வேண்டாமா என்பதை உண்மையில் முடிவு செய்யப் போவது அதுதான். பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி வார்டுகள். பெண்களுக்கு முன்பு மூன்றில் ஒரு பங்கு இருந்ததை 2016-ல் பாதியாக உயர்த்தினார்கள். 15 வார்டு உள்ள ஊரில் பாதிக்குப் பாதி பெண்கள் என்பது சின்ன மாற்றம் இல்லை. போன தடவை எங்கள் வார்டு பெண்கள் வார்டு, ஆகவே இந்தத் தடவையும் அப்படியே என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். அரசிதழில் வந்த பிறகுதான் நிச்சயம். பொது வார்டு என்றால் ஆண்கள் வார்டு என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. சுத்தத் தப்பு. பொது வார்டில் பெண்ணும் நிற்கலாம், பட்டியல் சாதியினரும் நிற்கலாம், யாரும் நிற்கலாம்.

சட்டம் நாற்காலியைக் கொடுக்கும், உட்கார விடுகிறார்களா என்பது வேறு. நெல்லை மாநகரத்துக்கு மிகப் பக்கத்தில் உள்ள தாழையூத்து ஊராட்சியில் 2006-ல் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் கிருஷ்ணவேணி 2011 ஜூனில் வெட்டப்பட்டார். உயிர் பிழைத்தது பெரிய காரியம். அந்த அளவுக்குப் போகாத இடங்களில் வேறு வகை. பெண் கவுன்சிலர் பெயருக்கு இருப்பார், கூட்டத்துக்குக் கணவர் வந்து பின் வரிசையில் உட்கார்ந்துகொண்டு கண்ணால் சைகை காட்டுவார். மன்றக் கூட்டத்தில் உறுப்பினர் தவிர அவருக்கு இடமே கிடையாது. நான் ஒரு தடவை வருகைப் பதிவேட்டில் ஒரு கணவர் மனைவி பெயருக்கு நேரே கையெழுத்துப் போடப் போனதைத் தடுத்து, "அண்ணாச்சி, அக்காவை வரச் சொல்லுங்க" என்றேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அந்த அக்கா வந்தார். முதல் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை, இரண்டாவது கூட்டத்தில் கழிவுநீர் ஓடைக் கணக்கைக் கேட்டார், மூன்றாவது கூட்டத்தில் ஈ.ஓ.வே கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். உங்கள் அம்மா மகளிர் குழுக் கணக்கு எழுதியவர் என்றால் இது அவருக்குச் சாதாரணம்.

வாக்குப்பதிவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மின்னணு இயந்திரம், ஒருவருக்கு ஒரு ஓட்டு. 2022-ல் நோட்டா பொத்தான் இல்லை. போட்டியே இல்லாமல் ஜெயித்தால் நம் ஆட்கள் "அன்னபோஸ்ட்" என்பார்கள். சட்டப்படி அதில் தவறு இல்லை, காசு கொடுத்து மற்றவர்களை வாபஸ் வாங்க வைத்திருந்தால் அது குற்றம். கிராமங்களில் ஊராட்சித் தலைவர் பதவியை ஏலம் விட்டுக் கோயில் நிதிக்குப் பணம் சேர்க்கிறார்களே, அதுவும் குற்றம்தான், சாமி பெயரில் செய்தாலும்.

ஒரு வார்டில் எழுநூறு எண்ணூறு ஓட்டுதான் இருக்கும். அதில் நாலைந்து பேர் பிரித்தால் ஒற்றை ஓட்டில் ஜெயிப்பது அபூர்வம் இல்லை. சமமாக வந்தால் குலுக்கல். 2022-லும் தமிழ்நாட்டில் பல வார்டுகளை அப்படித்தான் முடிவு செய்தார்கள்.

இனி மன்றக் கூடத்துக்குள் போவோம், உண்மையான தேர்தல் அங்கேதான் நடக்கிறது. 15 கவுன்சிலர் என்றால் பாதிப் பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். வரவில்லை என்றால் தேதி தள்ளிப்போகும். தலைவராக நிற்கிறவர் கவுன்சிலராக இருக்க வேண்டும், அந்தப் பதவி யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதோ அந்தப் பிரிவைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும். தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தால், பதினைந்தில் பத்து இடம் பிடித்த கட்சியில் அப்படி ஒரு கவுன்சிலர் இல்லாமல் போனால், அந்தக் கட்சி கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். ஒருவர்தான் மனு போட்டார் என்றால் அதோடு முடிந்தது. இருவர் என்றால் ரகசிய வாக்கெடுப்பு.

இங்கேதான் வாக்காளர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. எம்.எல்.ஏ. கட்சி கொறடா சொல்வதை மீறினால் பதவி போகும். கட்சித் தாவல் தடைச் சட்டம் என்பது அது. அந்தச் சட்டம் கவுன்சிலர்களைத் தொடாது. உதயசூரியனிலோ இரட்டை இலையிலோ ஜெயித்த கவுன்சிலர் கூடத்துக்குள் யாருக்கு ஓட்டுப் போட்டாலும் அவர் பதவிக்கு ஆபத்து இல்லை. கட்சி வேண்டுமானால் நீக்கும். அதுவும் ரகசிய ஓட்டு என்பதால் யாரை நீக்குவது என்று கட்சிக்கே தெரியாது. அதனால்தான் ரிசல்ட் வந்த நாளுக்கும் மார்ச் 4-க்கும் நடுவில் சில ஊர்களில் கவுன்சிலர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். குற்றாலத்தில் சீசன் இல்லாத பிப்ரவரியில் லாட்ஜில் கூட்டம் இருந்தால் என்ன அர்த்தம்?

நம் நெல்லை மாநகராட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 55 கவுன்சிலர். 2022-ல் தி.மு.க.வும் கூட்டணியும் 51 இடங்களைப் பிடித்தன, அ.தி.மு.க.வுக்கு 4. இவ்வளவு பெரும்பான்மை இருந்தும் 2024 ஜூலையில் மேயர் ராஜினாமா செய்தார். ஆகஸ்டில் நடந்த மறைமுகத் தேர்தலில் கட்சியின் அதிகாரப்பூர்வ வேட்பாளருக்கு விழுந்தது 30 ஓட்டு. எதிர்த்து நின்ற அதே கட்சிக்காரருக்கு 23. ஒரு ஓட்டு செல்லாதது. மாநகரத்திலேயே இப்படி என்றால் பதினைந்து பேர் உள்ள ஊரில் எட்டுப் பேரைச் சேர்ப்பது எவ்வளவு சின்ன வேலை, அதே சமயம் எவ்வளவு பெரிய வேலை என்று பாருங்கள்.

பதவிக்கு வந்த பிறகு இறக்குவது கடினம். நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர் வேண்டும். 15 பேர் மன்றத்தில் 12. நடக்காத காரியம் இல்லை. 30 உறுப்பினர் கொண்ட சங்கரன்கோவில் நகராட்சியில் 2025 ஜூலையில் 28 பேர் எதிராக ஓட்டுப் போட்டுத் தலைவரை இறக்கினார்கள். அங்கேயும் சொந்தக் கட்சிக்காரர்களே கைகோத்தார்கள்.

2006 மறைமுகத் தேர்தலில் நான் பார்த்த ஒன்றை மறக்க முடியவில்லை. இரண்டு பேருக்கும் ஏழேழு ஓட்டு. ஒருவர் வரவில்லை, திடீர் வயிற்றுவலி. தேர்தல் அலுவலர் குலுக்கல் என்று அறிவித்தார். பெட்டி எதுவும் கையில் இல்லை. ஆபீஸ் உதவியாளராக இருந்த ஒரு ஆச்சி மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்த எவர்சில்வர் தூக்குவாளியைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார். இரண்டு துண்டுச் சீட்டு, ஒரே அளவா என்று இரண்டு தரப்பும் விரல் வைத்து அளந்து பார்த்தார்கள். நான்காக மடித்துப் போட்டு மூடியைப் போட்டுக் குலுக்கியபோது சத்தமே வரவில்லை, காகிதம்தானே. கூடத்தில் மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்டது. எடுத்த சீட்டைப் பிரித்தபோது ரசம் வாசனை வந்தது என்று ஜெயித்தவர் பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஊரே தேர்ந்தெடுத்ததாகப் போஸ்டர் அடித்தார்கள்.

ஊர்ச் சபைக்கு யார் வரலாம் என்று விதி எழுதுவது நம் சீமைக்குப் புதிதில்லை. குடவோலை என்றால் எல்லாரும் உத்திரமேரூரைச் சொல்வார்கள். அதற்கு நூறு வருடத்துக்கும் மேல் முந்தியது, நெல்லையில் இருந்து சங்கரன்கோவில் போகிற சாலையில் உள்ள மானூர்க் கல்வெட்டு. பாண்டியன் மாறஞ்சடையன் காலம், கி.பி. 800-ஐ ஒட்டி. ஊரில் நிலப் பங்கு இருக்க வேண்டும், ஒரு பங்குக்கு ஒருவர்தான் வரலாம், தர்ம நூல் ஒன்று தெரிந்திருக்க வேண்டும், ஒழுக்கம் வேண்டும் என்று போகிறது. நிலமும் வேதமும் உடையவர்களின் சபை அது. பீடி சுற்றுகிற அம்மா அதன் வாசலைக் கூட மிதித்திருக்க முடியாது, ஆகவே பழம்பெருமை பேச நான் இதைச் சொல்லவில்லை. எனக்குப் பிடித்தது அதில் உள்ள இன்னொரு விதி. சபையில் எதைக் கொண்டுவந்தாலும் கூடாது, கூடாது என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கும், அவருக்கு ஒத்து ஊதுகிறவருக்கும் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஐந்து காசு தண்டம். எங்கள் மன்றக் கூட்டங்களில் இந்த விதி இருந்திருந்தால் பேரூராட்சிக்கு வீட்டு வரியே தேவைப்பட்டிருக்காது.

ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்பதையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். 2023-ல் மதிப்பூதியம் அறிவித்தார்கள்: பேரூராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 2,500 ரூபாய், துணைத் தலைவருக்கு 5,000, தலைவருக்கு 10,000. அதைத் தவிர வருமானம் இல்லை, இருக்கவும் கூடாது. தண்ணீர் வரவில்லை என்றால் காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டுவார்கள். ராத்திரி தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் அதே கதவு.

ஓட்டுக் கேட்டுப் போகும்போது சேர்மனுக்கு யாரை ஆதரிப்பீர்கள் என்று வாக்காளர் கேட்க வேண்டும், வேட்பாளர் பதில் சொல்ல வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் போட்ட ஓட்டு பாதி ஓட்டு என்பேன். உங்கள் அம்மா இதற்கு என்ன பதில் சொல்வார் என்று வீட்டிலேயே ஒரு முறை பேசி வையுங்கள். சுயேச்சையாக நின்றால் இந்தக் கேள்வி இன்னும் பலமாக வரும். ஏழு-ஏழு என்று தொங்குகிற மன்றத்தில் சுயேச்சை வீட்டுக்குத்தான் முதலில் கார் வரும்.

கடைசியாக ஒன்று. ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்த முப்பது நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தோற்றவர்கள் அந்தப் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படிக் கணக்குக் கொடுக்காதவர்களை ஆணையம் மூன்று ஆண்டுக்குத் தகுதி நீக்கம் செய்கிறது. நோட்டீஸ் அச்சடித்த பில், ஆட்டோ வாடகை, டீக்கடைத் துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் முதல் நாளில் இருந்தே ஒரு மஞ்சள் பையில் போட்டு வையுங்கள். பீடிக் கம்பெனி பாஸ்புத்தகத்தில் இலையும் தூளும் கட்டு எண்ணிக்கையும் தினம் தினம் சரிபார்த்துப் பழகியவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.